ஓசை எழுப்பாத கை

(சேர்ந்திசை மேதை எம். பி. சீனிவாசன்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் எதன்மீதும் தட்டாமல், எதன்மீதும் படாமல், வெறுங்காற்றில் அசைந்தே பல பேரின் தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் இசையை எழுப்பிய கை ஒன்று நம் சென்னை மாநகரில் இருந்தது. அந்தக் கைக்கு உரியவர் எம். பி. சீனிவாசன். இசை உலகம் அவரை எம்.பி.எஸ். என்று மூன்றெழுத்தில் அழைத்து மகிழ்ந்தது.

1925-ஆம் ஆண்டு பிறந்து 1988-ஆம் ஆண்டு மறைந்த அப்பெருமகனாரை நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவருக்கு நான் ஒரு வகையில் கடன்பட்டவன். அந்தக் கடனைத் தீர்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

என் தோல்வி

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் எங்கள் வகுப்பின் சார்பாக ஒரு குழுப்பாடல் பாடினோம். இருபத்து நான்கு பேர் மேடையில் நின்றோம். முன்னால் நின்று கை காட்டுவதற்கு யாரும் முன்வராததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கை காட்டுவது என்ன பெரிய வித்தையா என்று நானும் ஒப்புக்கொண்டேன். கையைத் தூக்கினேன், கீழே போட்டேன். தூக்கும்போதே சிலர் தொடங்கிவிட்டனர். போட்ட பிறகு சிலர் தொடங்கினர். நடுவில் எப்படியோ ஒன்றுசேர்ந்து ஓடினோம். முடிவில் எல்லாரும் நிறுத்திவிட, ஒரே ஒரு குரல் மட்டும் தனியாக நீண்டு நின்றது. அரங்கம் சிரித்தது.

அந்தக் குரலுக்கு உரியவன் என் நண்பன். என்னைப் போலவே அவனும் தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் வாய் திறக்காதவன். பலரோடு சேர்ந்து பாடுவதால்தான் மேடை ஏறவே சம்மதித்தான். அன்றைய சிரிப்புக்குப் பிறகு அவன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டான். தவறு அவனுடையதன்று; என் கையினுடையது. நிறுத்தச் சொல்லும் குறியை நான் காட்டவே இல்லை. அப்படி ஒரு குறி இருப்பதே எனக்குத் தெரியாது.

அதன்பின் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் என்னை அழைத்து, எம்.பி.எஸ். பற்றிப் படிக்குமாறு சொன்னார். அவர் வாழ்க்கை எனக்குக் கற்பித்தவை பல. அவற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இயக்கம் தந்த இசை

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது அவருடைய முழுப்பெயர். இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். டில்லியில் இயக்கப் பணியோடு கலைப் பணியும் செய்தார். 1943-ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம் அந்நாளில் நாட்டின் பல பகுதிகளிலும் பாடல், கூத்து, நாடகம் ஆகியவற்றை மக்களிடம் கொண்டுசென்ற அமைப்பாகும். கலை என்பது ஒருவர் பாட ஆயிரம் பேர் கேட்பது மட்டுமன்று, ஆயிரம் பேரும் பாடக்கூடியது என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது. அந்த எண்ணத்தின் பிள்ளைகளாகவே 1950-களின் இறுதியில் பம்பாயில் சலில் சவுத்ரியின் இளைஞர் சேர்ந்திசைக் குழுவும், கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்த்தாவின் குழுவும் எழுந்தன.

எம்.பி.எஸ். மணந்த ஜாகிதா, ஜாலியன்வாலா பாக் நிகழ்ச்சியோடு என்றும் நினைக்கப்படும் விடுதலை வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள். தமிழகத்து இளைஞர் ஒருவரும் காஷ்மீர மரபில் வந்த நங்கை ஒருவரும் சாதியும் மதமும் மொழியும் கடந்து வாழ்க்கைத் துணையானார்கள் என்பது அக்காலத்தில் எளிய செயலன்று.

பின்னர் சென்னைத் திரையுலகுக்கு அவர் வந்தார். வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கி 1960-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய படம் அது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் ஜெயகாந்தனும் அதில் பாடல் எழுதினர். படம் வசூலில் வெற்றி பெறவில்லை. ஆனால் அதன் பாடல்கள் வாழ்ந்தன.

அடுத்த ஆண்டு, 1961 நவம்பர் 14-ஆம் நாள், சென்னை பரணி ஸ்டூடியோவில் ‘கால்பாடுகள்’ என்னும் மலையாளப் படத்துக்கு ஓர் ஒலிப்பதிவு நடந்தது. ஸ்ரீ நாராயண குருவின் வரிகளைப் பாட வந்தவர் கொச்சியைச் சேர்ந்த இருபத்தோரு வயது இளைஞர். திரைப்படத்துக்காக அவர் பாடியது அதுவே முதல் முறை. அந்த இளைஞர்தான் கே. ஜே. யேசுதாஸ்! இன்று அக்குரலை அறியாதார் யார்? அக்குரலுக்குத் திரையில் முதல் வாய்ப்புத் தந்தவர் எம்.பி.எஸ். என்னைவிட ஒரே வயது மூத்த ஓர் இளைஞர் ஒலிவாங்கியின் முன் நடுங்கி நின்றிருக்கக்கூடிய அந்தக் கணத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

மலையாளத் திரையுலகம் எம்.பி.எஸ்ஸைத் தன் சொந்தப் பிள்ளையாகவே ஏற்றது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘ஸ்வயம்வரம்’ (1972), ‘எலிப்பத்தாயம்’ (1981), ‘முகாமுகம்’ (1984), ‘அனந்தரம்’ (1987) ஆகிய படங்களின் இசை அவருடையதே. கேரள மாநில அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றார். 1977-ஆம் ஆண்டு ஜான் ஆபிரகாம் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப் படத்தில், தாயற்ற கழுதைக் குட்டியை வீட்டில் வளர்த்து ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகும் பேராசிரியராக நடித்தவரும் அவரே.

தாளம் போடும் கையும் வழிகாட்டும் கையும்

இங்கே சற்று நின்று, கையின் கதையைப் பார்ப்போம். நம் கர்நாடக இசையிலும் கைக்கு வேலை உண்டு. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என எட்டு எண்ணிக்கை. பாடகர் தம் தொடையில் தாமே தட்டிக்கொள்கிறார். அக்கை காலத்தை எண்ணும். ஆனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நீ இப்போது தொடங்கு என்றோ, மெல்லப் பாடு என்றோ அது சொல்வதில்லை. ஒருவர் பாடும் இசைக்கு அது தேவையும் இல்லை.

மேல்நாட்டு இசையில் பலர் பல சுரங்களை ஒரே நேரத்தில் இசைக்கின்றனர். அங்கே காலத்தைக் காட்ட ஒருவர் வேண்டியவரானார். தொடக்கத்தில் தரையில் கோலால் தட்டிக் காலம் காட்டும் வழக்கமும் இருந்தது. பிரெஞ்சு அரசவை இசைமேதை லுல்லி அவ்வாறு தட்டும்போது கோல் தம் கால்விரலில் பட்டு, புண் புரையோடி, 1687-ஆம் ஆண்டு உயிர்துறந்தார். ஓசை எழுப்பும் கோல் போய், ஓசையற்ற சிறு கோல் நடத்துநரின் கையில் பரவலாக இடம்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான். சேர்ந்திசையை நடத்துவோர் பலர் அக்கோலும் இன்றி வெறுங்கையாலேயே நடத்துவர்.

காலம் காட்டும் அசைவுக்கு ஒழுங்கு உண்டு. இரண்டு எண்ணிக்கை என்றால் கீழ், மேல். மூன்று என்றால் கீழ், வெளிப்புறம், மேல். நான்கு என்றால் கீழ், உட்புறம், வெளிப்புறம், மேல். முதல் எண்ணிக்கை எப்போதும் கீழ்நோக்கியே விழும். ஆகவே, நடுவில் வழி தவறியவரும் கை கீழே விழும் இடத்தைப் பார்த்து மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். வலக்கை காலத்தைக் காட்ட, இடக்கை குணத்தைக் காட்டும். உள்ளங்கை மேல்நோக்கி உயர்ந்தால் குரல் பெருக வேண்டும். கீழ்நோக்கித் தணிந்தால் குரலும் தணிய வேண்டும். இரு கைகளும் ஒன்றையொன்று பின்பற்றாமல் தனித்தனியே இயங்கப் பழகுவதுதான் கடினம். மாணவர்கள் இதற்காகவே கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பயில்கின்றனர்.

காதால் கேட்டே சேர்ந்து பாடக் கூடாதா, கண்ணால் பார்ப்பானேன் என்று சிலர் கேட்கலாம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை கூற எனக்கு உரிமை உண்டு! ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் அகலமுள்ள பெரிய மேடையில் ஒரு முனையில் பாடுபவரின் குரல் மறுமுனையை அடைய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற விரைவில் பாடினால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடி. அதாவது, காதை நம்பிப் பாடுபவர் ஒவ்வோர் அடியிலும் பத்தில் ஒரு பங்கு பின்தங்குவார். ஒளிக்கோ அத்தொலைவு ஒரு பொருட்டே அன்று. எல்லாரும் ஒரே கையைப் பார்ப்பதன் காரணம் இதுவே.

என் தவறும் எனக்கு விளங்கியது. கை கீழே விழுவது தொடக்கம் அன்று. மேலே எழுவதே தொடக்கம். கை ஓர் அடியின் கால அளவில் உயர வேண்டும். அப்போது எல்லாரும் மூச்சை உள்ளிழுக்கின்றனர். எவ்வளவு விரைவு, எவ்வளவு உரப்பு என்பதெல்லாம் அந்த எழுச்சியிலேயே தெரிந்துவிடுகிறது. பின்பு கை விழும்போது குரல் தானாக எழுகிறது. முடிவும் அப்படியே. கை ஒரு சிறு வட்டம் சுழன்று விரல்கள் மூடும் இடத்தில் குரல் நிற்க வேண்டும். தமிழில் இதற்குத் தனித் தேவை உண்டு. அடியின் இறுதியில் ‘ம்’ வந்தால் உதடுகள் மூட வேண்டும். இருபத்து நான்கு பேரின் உதடுகள் இருபத்து நான்கு நேரங்களில் மூடினால் அது பாட்டாக இராது. தேனீக் கூட்டமாக இருக்கும்.

அப்பா நடத்திய பாடம்

பெருங்களத்தூரில் எங்கள் மொட்டைமாடியில், சுவரில் சாய்த்துவைத்த கண்ணாடி முன் நான் பயின்றுகொண்டிருந்ததை ஒருநாள் அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வண்டலூர் முதல் பல்லாவரம் வரை எங்கே அடுக்குமாடி எழுந்தாலும் அங்கே கிரேனுக்குக் கை காட்டும் வேலை அவருடையது. இயந்திர இரைச்சலில் அங்கே வாய்ச்சொல் எடுபடாது. விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. உள்ளங்கை கீழ்நோக்க நீட்டிய கை பக்கவாட்டில் அசைந்தால் நிறுத்து.

அப்பா எனக்குச் சொன்னவை நான்கு. ஓட்டுநரின் கண் உன்மேல் படும்வரை கையைத் தூக்காதே. தேவையற்ற அசைவு ஒன்றுகூட வேண்டாம். நீ மூக்கைச் சொறிந்தாலும் அது அவருக்கு ஒரு கட்டளை. கை காட்டுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நிறுத்து என்னும் குறியை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம்; சித்தாள் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும்.

முதல் மூன்றும் இசை நடத்துநருக்கும் பொருந்துவன. நான்காவதை நான் எம்.பி.எஸ். வாழ்வில் வேறொரு வடிவில் கண்டேன்.

கலைஞர்க்கு ஒரு சங்கம்

அந்நாளைய திரைப்பட ஒலிப்பதிவு இன்றையது போன்றதன்று. பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து, நடத்துபவரின் கையசைவுக்குத் தொடங்கி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து மீண்டும் பதிவு செய்ய வேண்டும். இத்தனை உழைப்பிலும், பின்னால் அமர்ந்து வயலினும் குழலும் வாசித்தவர்களின் பெயரை வெளியுலகம் அறிந்ததில்லை. அவர்களுடைய ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் உறுதி வேண்டும் என்று எண்ணிய எம்.பி.எஸ்., சென்னைத் திரை இசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். நிமாய் கோஷ் போன்றோருடன் சேர்ந்து, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவாகவும் உழைத்தார்.

இசையமைப்பாளர் என்பவர் கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர். அவரே அக்கலைஞர்களின் பக்கம் நின்று, போதும், நிறுத்து என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு வாங்கித் தந்தார் என்றால், அவர் தூக்கிய கை ஆணையிடும் கை மட்டுமன்று என்பது தெளிவாகும்.

சேர்ந்து பாடிய சென்னை

1970-களின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தார். அவர் சேர்த்தது பெயர்பெற்ற பாடகர்களை அல்லர். மாணவர்கள், அலுவலகம் செல்வோர், இல்லத்தரசிகள் என நம்மைப் போன்றவர்கள்தாம் அதில் பாடினர். பாரதியாரின் பாடல்களும் பல மாநிலங்களின் நாட்டுப்புறப் பாடல்களும் அக்குழுவின் உயிராயின. பல இந்திய மொழிகளில் அக்குழு பாடியது.

தேவாலயங்களில் சேர்ந்திசை சென்னைக்குப் பழையது. நம் பஜனை மடங்களிலும் பலர் கூடிப் பாடுவதுண்டு. அங்கே எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவர். எம்.பி.எஸ். செய்தது இரண்டையும் இணைத்த புதுமை. நம் மெட்டு, நம் மொழி. ஆனால் பெண்களின் உச்சக் குரலும் தாழ்குரலும், ஆண்களின் உச்சக் குரலும் தாழ்குரலும் வெவ்வேறு வழியில் சென்று ஒன்றோடொன்று கலந்தன. இராகத்தின் முகம் கெடாமல் பக்கத்தில் வேறு சுரங்களை நிறுத்துவது எளிதன்று. பயிற்சி பெறாத குரல்களைக்கொண்டு அதைச் சாதிக்க வேண்டுமானால், எந்தக் குழு எப்போது நுழைவது, எது தணிவது, எது ஓங்குவது என்பதை எல்லாம் முன்னே நிற்பவரின் கண்ணும் கையும்தாம் சொல்ல வேண்டும். சுரம் எழுதிய தாளைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கையே ஏடு!

இப்பணியை அவர் சென்னையோடு நிறுத்தவில்லை. வானொலி வழியாகவும் சேர்ந்திசையைப் பரப்பினார். 1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தின் சமுதாயப் பாடல் திட்டத்தில் பங்குகொண்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஓர் ஆசிரியர் கற்றால் ஒரு பள்ளியே பாடும் அன்றோ? கேரளத்திலும் இளைஞர்களைக் கூட்டிப் பாடவைத்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரையே தாங்கிய சேர்ந்திசைக் குழு ஒன்று உருவாயிற்று.

1988 மார்ச் 9-ஆம் நாள், சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த லட்சத்தீவில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. கடல் நடுவே ஒரு தீவிலும் பாடக் கற்றுக்கொடுக்க ஆட்கள் உண்டு என்று சென்றவர், அப்பணியிலேயே முடிந்தார். அவருக்குப் பின்னும் சென்னைக் குழு கலைந்துவிடவில்லை; தொடர்ந்து பாடியது. நடத்துநர் இல்லாதபோதும் பாடத் தெரிந்த ஒரு கூட்டத்தை விட்டுச்செல்வதைவிட ஒரு நடத்துநருக்குப் பெரிய வெற்றி வேறு என்ன இருக்க முடியும்?

மீண்டும் மேடை

இவ்வாண்டு பொங்கல் விழாவுக்கு மீண்டும் ஒரு குழுப்பாடல் பாட முடிவாயிற்று. என் நண்பனை அழைக்க மூன்று முறை போனேன். இரண்டு முறை மறுத்துவிட்டான். மூன்றாம் முறை, தாம்பரம் இரயில் நிலைய நடைமேடையில் வைத்து, சென்ற ஆண்டுத் தவறு என்னுடையது என்று சொன்னேன். அதை அதற்கு முன் நான் அவனிடம் சொன்னதே இல்லை. மறுநாள் பயிற்சிக்கு வந்தான்.

முப்பத்தொரு பேர் மேடை ஏறினோம். அப்பா சொன்னபடி அறுபத்திரண்டு கண்களும் என்மீது படும்வரை காத்திருந்தேன். கையை உயர்த்தினேன், மூச்சு எழுந்தது. நடுவில் தாழ்குரல் குழு ஓரிடத்தில் அரை அடி தாமதமாகத்தான் நுழைந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முடிவில், விரல்கள் மூடிய இடத்தில், முப்பத்தொரு குரல்களும் ஒன்றாக நின்றன. அரங்கில் ஒரு நொடி அமைதி. பிறகு கைதட்டல். நான் திரும்பி அவையை வணங்குவதற்கு முன் என் நண்பனைப் பார்த்தேன். அவன் இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோழர்களே! நம்மில் பலர் தனியாக நின்று பேசவும் பாடவும் அஞ்சுகிறோம். நம் வீட்டில் நமக்கு முன்னால் யாரும் மேடை ஏறியதில்லை. அத்தகையோரின் குரலுக்கும் இசையில் இடம் உண்டு என்று காட்டவே எம்.பி.எஸ். தம் வாழ்நாளைச் செலவிட்டார். வகுப்புக்கு ஒன்றாக நம் கல்லூரியில் சேர்ந்திசைக் குழுக்கள் தோன்ற வேண்டும் என்பது என் விருப்பம். கை காட்ட ஆள் வேண்டுமாயின், இயற்பியல் துறைக்கு வந்து கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

வாழ்க எம்.பி.எஸ். புகழ்! வளர்க சேர்ந்திசை!